கொப்பியில் பெயர் இல்லாதவருக்கு ஒரு கடனட்டை

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு தனியார் மருந்துக் கடையில் வேலை செய்யும் சின்னம்மாவின் மகள் போன வருடம் கடனட்டைக்கு விண்ணப்பித்தாள். வயது 24. யாருக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டியதில்லை. சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் காசும் இருந்தது. இரண்டு கிழமை கழித்து வங்கி இல்லை என்றுவிட்டது. நேரில் போய்க் கேட்டிருக்கிறாள். "உங்களுக்கு ஹிஸ்டரி ஒன்றும் இல்லையே" என்றாராம் அங்கே இருந்தவர். கடன் வாங்கிக் கட்டிய வரலாற்றைத்தான் சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும் கோபம் முழுக்க என் மேல்தான்.

"அண்ணன், கடன் வாங்கிக் கட்டாதவனுக்குக் குடுக்க மாட்டாங்க எண்டா விளங்குது. கடனே வாங்காத எனக்கு ஏன் இல்ல?"

நியாயமான கேள்வி. இதற்கான பதில் வங்கியில் இல்லை. ஒழுங்கை முனையில் இருக்கும் பலசரக்குக் கடையில் இருக்கிறது.

அந்தக் கடை மேசையில் நுனி மடிந்த ஒரு கொப்பி கிடக்கும். ஊராருக்கு அரிசி, சீனி, மாவு எல்லாம் அதில் எழுதித்தான் போகும். மாதக் கடைசியில் சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்ப்பார்கள். இப்போது வெளியூரிலிருந்து மாற்றலாகி ஒரு ரீச்சர் அந்த ஒழுங்கையில் வாடகைக்கு வருகிறார் என்று வையுங்கள். முதல் மாதமே "கொப்பியில எழுதுங்க" என்றால் முதலாளி எழுதுவாரா? ரீச்சர் கெட்டவர் என்று அவர் நினைக்கவில்லை. ஆளைத் தெரியாது, அவ்வளவுதான். அதே கடையில் போன வருடம் வாங்கிய பாக்கியைக் கட்டாத ஒருவர் வந்து கேட்டாலும் எழுத மாட்டார். இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான், காரணம் வேறு. சின்னம்மாவின் மகள் அந்த ரீச்சர்.

பிரச்சினை என்னவென்றால், அவளுக்கு ஊரில் நல்ல பெயர் இருக்கிறது. மூன்று வருடமாகச் சீட்டுக் கட்டுகிறாள், ஒரு மாதமும் தவறியதில்லை. கடைக் கொப்பியில் அவள் வீட்டுக் கணக்கு சுத்தம். ஆனால் அந்தக் கொப்பியை வங்கி வாசிப்பதில்லை. வங்கி வாசிக்கும் கொப்பி கொழும்பில் இருக்கிறது.

அந்தக் கொப்பியின் பெயர்

இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் 'கிரிப்' என்பார்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிறுவனம் இது. வங்கிகள், நிதிக் கம்பனிகள், வாகனத்தைத் தவணைக்குக் கொடுக்கும் லீசிங் கம்பனிகள் எல்லாம் தாங்கள் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், அவர் எப்படிக் கட்டுகிறார் என்ற விபரத்தை அங்கே அனுப்புகின்றன. நீங்கள் புதிதாக ஓரிடத்தில் கடன் கேட்டால், அந்த இடம் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து அங்கிருந்து ஒரு அறிக்கை எடுத்துப் பார்க்கும். கூடவே 250 முதல் 900 வரையிலான ஒரு புள்ளியும் உண்டு. கூடக் கூட நல்லது.

எங்கள் பக்கத்தில் 'கிரிப்பில பெயர் விழுந்திட்டு' என்று சொன்னால் ஏதோ பொலிஸில் முறைப்பாடு விழுந்த மாதிரி. இது தவறான எண்ணம். ஒழுங்காகக் கட்டுகிறவரின் பெயரும் அதில்தான் இருக்கிறது. அது கறுப்புப் பட்டியல் அல்ல. யாருக்குக் கடன் கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்று பணியகம் தீர்மானிப்பதும் இல்லை. நடந்ததை மட்டும் எழுதி வைக்கிறது. தீர்மானிப்பது உங்கள் வங்கி. ஆகவே கடனட்டை வேண்டும் என்பவர் கிரிப்பில் பெயர் வராமல் இருக்க வேண்டும் என்று நினைப்பது தலைகீழ். பெயர் வர வேண்டும், நல்ல விதமாக வர வேண்டும்.

அதில் என்ன வரும், என்ன வராது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வங்கிக் கடன், லீசிங், கடனட்டை, நீங்கள் பிணை நின்ற கடன், காசில்லாமல் திரும்பிய காசோலை எல்லாம் வரும். சேமிப்புக் கணக்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்பது வராது. டெபிட் கார்ட்டை நாளுக்குப் பத்துத் தரம் தேய்த்தாலும் வராது, அது உங்கள் சொந்தக் காசு. சீட்டு வராது. நகையை ஈடு வைத்து மீட்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் நிறைய. ஆனால் அங்கே கொடுப்பவர் பார்ப்பது நகையின் நிறையையும் மாற்றையும்தான், ஆளை அல்ல. அதை வைத்து 'நான் நம்பிக்கையான ஆள்' என்று காட்டலாம் என எண்ண வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தனக்கு வரலாறே இல்லை என்று நினைக்கும் பலருக்கு உண்மையில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளை லீசிங்கில் எடுத்து முடித்த தம்பிமாருக்கு இருக்கிறது. பெரும்போகத்துக்கு வங்கியில் வேளாண்மைக் கடன் எடுத்து, அறுவடை முடிந்து கட்டிய சம்மாந்துறைக்காரருக்கு இருக்கிறது. ஆட்டோவோ உழவு இயந்திரமோ கட்டுக்காசில், அதாவது தவணையில், வாங்கியவருக்கும் இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்பதுதான் கேள்வி.

அதனால் விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் அறிக்கையை நீங்களே ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். சொந்த அறிக்கையைப் பெறுவது உங்கள் உரிமை. இணையத்திலும் எடுக்கலாம், வங்கி மூலமும் கேட்கலாம். கட்டணம் பெரிய தொகை இல்லை. எடுத்ததும் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் முதலில் பாருங்கள். நமக்கு இது சின்ன விசயம் இல்லை. ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவோம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. தகப்பன் பெயர் முன்னுக்கு வரும், சில இடத்தில் பின்னுக்குப் போகும். கடைசியில் 'வி' எழுத்து வரும் பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கம், புதியதில் பன்னிரண்டு. இரண்டும் இருந்தால் இரண்டையும் வங்கியில் சொல்லிவிடுங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று கிடந்தால், அந்தக் கடனைத் தந்த இடத்துக்கு எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவது வீண்.

பிணை நின்ற கதை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மனிதர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். நண்பன் வான் எடுக்கிறான், "மச்சான், ஒரு கையெழுத்துத்தானே" என்கிறான். மாமா லோன் எடுக்கிறார், மருமகன் அரசாங்க வேலை என்பதால் பிணைக்கு அவர்தான். முகத்துக்கு முன்னால் மறுக்க முடியாது, போடுகிறோம். அந்தக் கடன் அன்றிலிருந்து பிணையாளி என்ற வகையில் உங்கள் அறிக்கையிலும் இருக்கும். அவன் மூன்று மாதம் கட்டாமல் விட்டால் அதுவும் தெரியும்.

நானே அப்படி ஒரு தரம் மாட்டியிருக்கிறேன். பள்ளித் தோழன் ஒருவனின் ஆட்டோவுக்குக் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டாமல் விட்டது எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்றரை வருடம் கழித்து வீட்டுக் கூரைக்குக் கடன் கேட்கப் போனபோது, அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவன் நல்லவன்தான், தொழில் விழுந்துவிட்டது. ஆனால் திரையில் நல்லவன் என்று ஒரு கட்டம் இல்லை. ஆகவே முதல் அட்டைக்கு ஆயத்தமாகிறவர்கள் அந்த ஒரு வருடத்துக்காவது யாருக்கும் பிணை நிற்காமல் இருங்கள். மறுப்பதற்குக் காரணம் வேண்டுமென்றால், நான் கார்ட்டுக்குப் போட்டிருக்கிறேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். பொய்யும் இல்லை.

சரி, எப்படித் தொடங்குவது?

சம்பளக்காரர் என்றால் சம்பளம் விழும் வங்கியிலிருந்தே தொடங்குங்கள். வேறு வங்கிக்கு நீங்கள் ஒரு விண்ணப்பத் தாள் மட்டும்தான். இந்த வங்கிக்கோ ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி காசு விழுவதும், மறுநாளே அதில் பாதி போவதும் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. அடையாள அட்டைப் பிரதி, வேலை உறுதிக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டை, முகவரிக்குக் கரண்ட் பில் போல ஒன்று. பொதுவாகக் கேட்பது இவ்வளவுதான். குறைந்த சம்பள எல்லை வங்கிக்கு வங்கி மாறும், கேட்டுவிட்டுப் படிவத்தை வாங்குங்கள். வேலையில் சேர்ந்து இரண்டு மாதத்தில் போனால் திருப்பி அனுப்புவார்கள். நிரந்தரம் ஆகும்வரை அல்லது ஆறு மாதமாவது போகட்டும்.

ஆனால் இங்கே சம்பளச் சிட்டை உள்ளவர் எத்தனை பேர்? வாழைச்சேனையில் படகு வைத்திருப்பவருக்குச் சிட்டை யார் கொடுப்பது? அருகம்பையில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிற குடும்பத்துக்கு ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை நல்ல வரவு, மாரியில் ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்து வெளிநாட்டுக்கு டிசைன் வேலை செய்து கொடுக்கும் பிள்ளைகள் இப்போது ஏறாவூரிலும் கல்முனையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் அரசாங்க உத்தியோகத்தரை விடக் கூட வரும், ஆனால் ஒரு கடிதத் தலைப்பு இல்லை. கட்டாரில் இருக்கும் கணவன் அனுப்பும் காசு மனைவியின் கணக்கில் விழுகிறது. வங்கி அதை அவருடைய வருமானம் என்று எளிதில் எடுத்துக்கொள்ளாது.

இவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லும் வழி ஒன்றுதான். நிலையான வைப்பை ஈடாக வைத்து அட்டை எடுப்பது.

இது எப்படி என்றால், ஒரு லட்சம் ரூபாயை ஒரு வருட நிலையான வைப்பில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வங்கி அந்த வைப்பின் மேல் ஒரு பிடி போட்டுக்கொண்டு, அதில் ஒரு பங்கை, எண்பது ஆயிரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், செலவு எல்லையாக வைத்து அட்டை தருகிறது. எவ்வளவு பங்கு என்பது வங்கியைப் பொறுத்தது. வைப்புக்கு வட்டி வழமைபோல வந்துகொண்டிருக்கும். ஆனால் அட்டை இருக்கும்வரை அந்தக் காசை எடுக்க முடியாது. நீங்கள் கட்டாமல் விட்டால் வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். வங்கிக்குப் பயம் இல்லாததால் வருமானத்தைப் பற்றி அவ்வளவு கிண்ட மாட்டார்கள்.

"என்ட காசை வெச்சிட்டு என்ட காசையே கடனாத் தாறதா, இது என்ன விளையாட்டு?" என்று சின்னம்மா கேட்டார். கேட்பது சரிதான். நீங்கள் வாங்குவது கடன் அல்ல, கொழும்புக் கொப்பியில் ஒரு வரி. மற்ற எந்தக் கடனட்டையையும் போல இதுவும் மாதாமாதம் அங்கே எழுதப்படும். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினால் பன்னிரண்டு நல்ல மாதங்கள் உங்கள் பெயரில் சேரும். அதற்காகக் காசைச் செலவழிக்கவில்லை, கட்டிப் போடுகிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, அண்ணனின் அல்லது கணவரின் அட்டைக்குத் துணை அட்டை எடுப்பது. கையில் அட்டை வரும், ஆனால் பொறுப்பு முதன்மை அட்டைக்காரருடையது. அதை வைத்து உங்கள் வரலாறு கட்டப்படும் என்று நம்பியிருக்க வேண்டாம். மற்றது, கட்டுக்காசில் ஒரு பொருளை லீசிங் கம்பனி மூலம் எடுத்து முடிப்பது. தேவையான பொருள் என்றால் சரி. வரலாறு வேண்டும் என்பதற்காகத் தேவையில்லாத பொருளை வட்டிக்கு வாங்குவது புத்தியில்லை.

ஒரே கிழமையில் ஐந்து வங்கியில் விண்ணப்பிக்க வேண்டாம். திருமலை வீதியில் வரிசையாக வங்கிகள் இருக்கின்றன, ஒரு நடையில் எல்லாவற்றிலும் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். யார் யார் உங்கள் விபரத்தைக் கேட்டார்கள் என்பதும் அந்த அறிக்கையில் பதியும். ஐந்தாவது வங்கிக்காரர், முன்பு நாலு பேர் பார்த்துவிட்டுப் போயிருப்பதைப் பார்ப்பார். பொண்ணு பார்க்க வந்தவர் கேட்பது மாதிரி அவரும் கேட்பார், அந்த நாலு பேரும் ஏன் வேண்டாம் என்றார்கள்?

பில் வந்த பிறகு

அட்டை வந்துவிட்டது. இனிமேல்தான் உண்மையான பாடம். இதில் ஒரு கணக்கை மட்டும் முழுதாக விளங்கிக்கொண்டால் போதும்.

ஒவ்வொரு மாதமும் ஒரு திகதியில் கணக்குக் கூற்று, அதாவது அந்த மாத பில், மூடும். அதற்கு இருபது நாள் போலக் கழித்துக் கட்ட வேண்டிய கடைசித் திகதி. கூற்று மாதம் 15ஆம் திகதி, கட்டும் நாள் அடுத்த மாதம் 5ஆம் திகதி என்று வையுங்கள். மார்ச் 16 அன்று அக்கரைப்பற்றில் ஒரு மின்விசிறி வாங்குகிறீர்கள். அது ஏப்ரல் 15 கூற்றில்தான் வரும். கட்டுவது மே 5. ஐம்பது நாள், வட்டி ஒரு சதமும் இல்லை. அதையே வருடப்பிறப்புக்கு உடுப்பு எடுக்கிற அவசரத்தில் ஏப்ரல் 12 அன்று வாங்கினால், கட்டுவது அதே மே 5, இருபத்து மூன்று நாள்தான். அட்டை ஒன்றுதான், பொருளின் விலையும் ஒன்றுதான். திகதி தெரிந்தவர் ஒரு மாதம் கூட அனுபவிக்கிறார். 'ஐம்பது நாள் வட்டியில்லை' என்று விளம்பரத்தில் போடுவது முதல் ஆளுக்குப் பொருந்தும், இரண்டாவது ஆளுக்கு அல்ல.

இந்தச் சலுகை முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு மட்டும். கூற்றில் இரண்டு எண் இருக்கும். ஒன்று முழு நிலுவை. மற்றது 'குறைந்தபட்சக் கொடுப்பனவு', பெரும்பாலும் நிலுவையில் 5 சதவீதம் அளவில். அந்தச் சின்ன எண்தான் பொறி. 40,000 ரூபாய்க்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கினீர்கள், வட்டி ஆண்டுக்கு 26 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஏறத்தாழ 867 ரூபாய் வட்டி விழும். குறைந்தபட்சம் 2,000 போலக் கட்டுவீர்கள். வேறு ஒன்றும் வாங்காமல் இப்படியே ஒரு வருடம் போனால், கையால் கட்டியது கிட்டத்தட்ட 21,000. கடன் குறைந்தது 12,000 மட்டும். மிச்சம் 28,000 அப்படியே நிற்கும். இயந்திரம் பழசாகிவிடும், கடன் புதிதாகவே இருக்கும்.

வட்டி வீதமும் நிலையானது அல்ல. 2022 நெருக்கடியில் கடனட்டை வட்டி 36 சதவீதம் வரை போனது. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி 28 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. உங்கள் அட்டைக்கு இன்றைய வீதம் என்ன என்று கையெழுத்துப் போடும் நாளில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. கடனட்டையைப் பணம் எடுக்கும் இயந்திரத்துக்குள் போட வேண்டாம். அவசரத்துக்குக் காசு எடுக்கலாம் என்று சொல்லித்தான் தருவார்கள். ஆனால் எடுத்த உடனே ஒரு கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. ஐம்பது நாள் கதை அதற்குச் செல்லாது. அவசரத்துக்கு நகை ஈடு இதைவிட மலிவு. 2023இல் போட்ட அதே உச்சவரம்பில் நகை அடகுக்கு 18 சதவீதம்தான். இதில் மட்டும் எங்கள் பாட்டிமாரின் முறை வங்கியின் பளபளப்பான அட்டையை விடக் கெட்டித்தனமானது.

முதல் வருடத்துக்கு நான் சொல்லும் பழக்கம் சலிப்பானது. ஒரே ஒரு மாதச் செலவை அட்டைக்கு மாற்றுங்கள். பெற்றோல், அல்லது வீட்டு இணையக் கட்டணம், அல்லது சூப்பர் மார்க்கெட் சாமான். எல்லையில் மூன்றில் ஒன்றைத் தாண்ட வேண்டாம். அந்தக் காசை அன்றே கணக்கில் ஒதுக்கி வையுங்கள். முழு நிலுவையும் தானாகக் கழியும்படி வங்கியில் ஒழுங்கு செய்யலாம். கடைசி நாள் சனி, ஞாயிறு, போயா என்று விழும் மாதங்களில் இரண்டு நாள் முந்தியே கட்டிவிடுங்கள். வேறு வங்கியிலிருந்து கட்டுபவர்கள் இன்னும் முந்தி.

வேளாண்மைக்காரருக்கு இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வயல் வருடத்துக்கு இரண்டு தரம் காசு தரும். அட்டை வருடத்துக்குப் பன்னிரண்டு தரம் கேட்கும். உரத்தையும் கிருமிநாசினியையும் அட்டையில் எடுத்து அறுவடைக்குக் கட்டலாம் என்று கணக்குப் போட்டால், நடுவில் நாலு மாதம் 26 சதவீத வட்டி ஓடும். அதற்கு வேளாண்மைக் கடன்தான் பொருத்தம். தவணையே அறுவடையைப் பார்த்துப் போடப்பட்டது.

அதேபோல, கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் ஏற்கெனவே இரண்டு மூன்று இருந்தால், கடனட்டையைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மற்றொன்று என்று போய் வீட்டுப் பத்திரம் வரை இழந்த பெண்களை நாம் எல்லோரும் அறிவோம். அட்டை அந்தச் சங்கிலியில் இன்னொரு வளையம் ஆகிவிடும். முதலில் அவற்றை முடியுங்கள்.

சில்லறைக் கேள்விகள்

வருடக் கட்டணம் முதல் வருடம் இல்லை என்பார்கள். இரண்டாம் வருடம் எவ்வளவு என்று கேளுங்கள். பதினொராம் மாதத்தில் ஒரு போன் எடுத்துக் கேட்டால் பல இடங்களில் விட்டுக்கொடுப்பார்கள். கேட்காதவருக்குக் கிடைக்காது.

அட்டை கொடுத்தால் விலைக்கு மேல் 2, 3 சதவீதம் போடும் கடைகள் டவுனில் உண்டு. அப்படி மேலதிகமாக எடுப்பது கூடாது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. முறைப்பாடு செய்யலாம். ஆனால் தெரிந்த கடை, தெரிந்த முதலாளி என்றால் நாம் முறைப்பாடு செய்ய மாட்டோம் என்பது அவருக்கும் தெரியும். நான் அந்த இடங்களில் காசாகவே கொடுத்துவிடுகிறேன்.

போனில் வரும் ஒரு தரம் பாவிக்கும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சுத்தமான தமிழில் பேசினாலும் வேண்டாம். வங்கி அதைக் கேட்பதில்லை.

காத்தான்குடி, நிந்தவூர் நண்பர்கள் பலர் வட்டி என்பதால் கடனட்டையே வேண்டாம் என்பார்கள். முழுத் தொகையையும் கட்டினால் வட்டி வராதே என்று நான் ஒரு நாள் வாதாடினேன். "சரி மச்சான், ஆனா வட்டிக்கு சம்மதம் எண்டு முதல்ல கையெழுத்து வெக்கணுமே" என்றார் ஒருவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் வரலாற்றுக்காக அட்டை எடுக்கத் தேவையும் இல்லை. இஸ்லாமிய வங்கி முறையில் சாமானோ வாகனமோ எடுத்துத் தவணையில் கட்டினால் அதுவும் நிதி வசதியாகக் கொழும்புக் கொப்பிக்குப் போகிறது.

சின்னம்மாவின் மகளிடம் வருவோம். சீட்டில் எடுத்த ஒரு லட்சத்தை நிலையான வைப்பில் போட்டு அட்டை எடுத்தாள். ஊர்க் கொப்பியில் சேர்த்த நல்ல பெயரைக் கொழும்புக் கொப்பிக்கு மாற்றியது அந்தச் சீட்டுக் காசுதான். போன் பில்லும் ஸ்கூட்டிப் பெற்றோலும் மட்டும் அதில் போகின்றன. எட்டாவது மாதம் ஒரு தரம் கட்ட மறந்து, தாமதக் கட்டணம் விழுந்து, ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள் போய் முழுவதையும் கட்டினாள். அதற்குப் பிறகுதான் தானாகக் கழியும்படி எழுதிக் கொடுத்தாள்.

இந்த மாதம் எல்லையைக் கூட்டித் தருகிறோம் என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. ஓம் என்று அனுப்பவா என்று கேட்டாள். வேண்டாம், கிளைக்கு நேரில் போ என்றேன். எல்லை இருக்கிறபடியே இருக்கட்டும், வைப்பின் மேல் இருக்கிற பிடியை எடுத்துவிட்டு என் சம்பளத்தை வைத்தே அட்டையைத் தொடர முடியுமா என்று கேட்கச் சொன்னேன். முடியாது என்றால் வைப்பு முதிரும் நாள்வரை இருந்துவிட்டு, சம்பளம் விழும் வங்கியில் புதிதாக விண்ணப்பிக்கலாம். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போகிறாளாம். சம்பளச் சிட்டை மூன்றும் போட்டோக்கொப்பி எடுத்தாயிற்று.